500 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்? சிறு விமான நிலையங்களுக்கிடையே தூரமும் நேரமும் கணக்கிடும் முறை

இரண்டு சிறு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் ஒரே நொடியில் வந்து நிற்கும். அதில் தூரம் பெரும்பாலும் சரியாக இருக்கும், நேரம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று ஒரு ஜெட் வேகத்தை வைத்துத் தூரத்தை வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுவதுதான் இந்தக் கணிப்பான்களின் வழக்கமான முறை. கண்டம் தாண்டும் பயணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். 70 பேர் உட்காரும், வெளியே விசிறி சுழலும் டர்போபுராப் விமானம் ஒரு சின்ன ஊரிலிருந்து இன்னொரு சின்ன ஊருக்குப் போகும்போது பொருந்தாது. குறைந்த தூரப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது நடுவானம் அல்ல, இரண்டு முனைகளும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். தூரக் கணக்கு தப்புவதில் பெரும்பகுதி கணிதத்தால் வருவதில்லை, பெயரால் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி. கலிஃபோர்னியாவில் ஒரு சான் ஹோசே, கோஸ்டா ரிகாவில் ஒரு சான் ஹோசே. இங்கிலாந்தில் ஒரு பர்மிங்காம், அலபாமாவில் ஒரு பர்மிங்காம். ஊர்ப்பெயரை நம்பாமல் குறியீட்டை நம்புங்கள். டிக்கெட்டில் இருப்பது விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏ தரும் மூன்றெழுத்துக் குறியீடு. விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் பயன்படுத்துவது ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ தரும் நான்கெழுத்துக் குறியீடு. நான்கெழுத்தில் முதல் எழுத்தோ முதல் இரண்டு எழுத்துகளோ உலகின் எந்தப் பகுதி என்பதைக் காட்டிவிடும் என்பதால் கண்டம் மாறிப்போக வாய்ப்பு குறைவு. மிகச் சிறிய நிலையங்கள் சிலவற்றுக்கு மூன்றெழுத்துக் குறியீடே கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய நிலையத்தை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டும்போது மூன்றெழுத்துக் குறியீடு புதிய இடத்துக்கு மாறிவிடும். 1995இல் டென்வரிலும் 1998இல் ஹாங்காங்கிலும் இப்படித்தான் நடந்தது. பழைய தரவுத்தளத்தை வைத்துக் கணக்கிட்டால் குறியீடு சரியாக இருந்தும் இடம் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும். கண்டங்களுக்கிடையேயான பயணத்தில் அந்தப் பிழை காணாமல் போய்விடும். 200 கிலோமீட்டர் பயணத்தில் 25 கிலோமீட்டர் பிழை என்பது எட்டில் ஒரு பங்கு.

அடுத்து ஆயத்தொலைவுகள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன: பாகை-கலை-விகலையாக (டிகிரி-மினிட்-செகண்ட்) ஒன்று, தசம எண்ணாக இன்னொன்று. 40 பாகை 30 கலை என்பது தசமத்தில் 40.50. அதை 40.30 என்று அப்படியே எழுதிவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. அந்த 0.20 பாகை வித்தியாசம் வடக்கு-தெற்காக 22 கிலோமீட்டர். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட மறப்பது அடுத்த பிழை. அது பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் விடை நம்பவே முடியாத அளவு பெரிதாக வரும்.

கொடுக்கப்படும் ஆயத்தொலைவு பயணிகள் கட்டடத்தினுடையது அல்ல. அது நிலையத்தின் குறிப்புப் புள்ளி, பொதுவாக ஓடுபாதைகளின் நடுவை ஒட்டி இருக்கும். ஓடுபாதையே இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளம் என்பதால், தூரத்தைத் தசமப் புள்ளிக்கு அப்பால் இரண்டு இலக்கம் வரை எழுதுவதில் பொருளில்லை.

இப்போது ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். 'அ' நிலையம் 40 பாகை 30 கலை வடக்கு, 15 பாகை கிழக்கு. 'ஆ' நிலையம் 43 பாகை வடக்கு, 20 பாகை கிழக்கு. இரண்டும் கணக்குக்காக வைத்துக்கொண்ட புள்ளிகள்.

காகிதமும் பென்சிலும் போதும். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆகவே ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அட்சரேகை வித்தியாசம் 2.5 பாகை, எனவே வடக்குத் திசையில் 150 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 5 பாகை, 300 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடுவதால் 300 கலை 300 கடல் மைல் ஆகாது. சராசரி அட்சரேகையான 41.75 பாகையின் கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். அது 0.746. 300 × 0.746 = 224 கடல் மைல். இனி பிதாகரஸ்: 150இன் வர்க்கமும் 224இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 269 சொச்சம். கிலோமீட்டரில் 499.

இதையே பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்து, கோளத்தின் மேல் தூரத்தை அளக்கும் ஹேவர்சைன் சூத்திரத்தில் முறையாகப் போட்டாலும் 499தான் வருகிறது. பூமி சரியான கோளம் அல்ல. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357. அதையும் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் விடை அரை சதவீதத்துக்குள்தான் மாறும், நம் 499இல் ஓரிரண்டு கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டர் பயணத்துக்குப் பிதாகரஸ் முறையே தாராளம். கோசைனை மட்டும் மறந்துவிடக் கூடாது. மறந்தால் இதே கணக்கில் விடை 621 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அதனாலேயே அங்கே பழகியவர்கள் வடக்கே போய்க் கணக்கிடும்போது தடுக்கி விழுகிறார்கள்.

பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகியதான பெருவட்டப் பாதைக்கும் வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் போடும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. கடல் தாண்டும் பயணத்தில் அது பெரிய விஷயம். 500 கிலோமீட்டரில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த 499 கிலோமீட்டர் சட்டத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும் உரிய தூரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி எண் 261, தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீட்டைத் தீர்மானிக்கப் பெருவட்டத் தூரத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறது. விமானம் எவ்வளவு சுற்றிப் பறந்தது என்பது அங்கே கணக்கில் வராது.

ஆனால் எரிபொருளும் நேரமும் விமானம் உண்மையில் ஓடிய பாதைக்குத்தான் செலவாகின்றன. அது ஒருபோதும் நேர்கோடு அல்ல. விமானம் காற்றை எதிர்த்து எழும்ப வேண்டும். ஓடுபாதை போகவேண்டிய ஊருக்கு எதிர்த்திசையைப் பார்த்திருந்தால் எழும்பித் திரும்புவதிலேயே சில கடல் மைல் போய்விடும். இறங்கும்போதும் அப்படியே: ஊர் கிழக்கில் இருக்கிறது, நாம் மேற்கிலிருந்து வருகிறோம், காற்றும் மேற்கிலிருந்து அடிக்கிறது என்றால் நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் இறங்க முடியும். நடுவில் வான்வழிப் பாதைகள், ராணுவப் பகுதிகள், இடிமேகங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஒரு குறுகிய பயணத்துக்கு 20 முதல் 30 கடல் மைல் கூட்டிக்கொள்வது நல்லது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கூடுதல் தூரம் பயண நீளத்தோடு பெரிதாக வளர்வதில்லை. 100 கடல் மைல் பயணத்திலும் 25தான், 300இலும் 25தான். சதவீதமாகக் கூட்டினால் குறுகிய பயணத்துக்குக் குறைவாகவும் நீண்ட பயணத்துக்கு அதிகமாகவும் வந்துவிடும். ஐசிஏஓவின் கார்பன் கணிப்பானும் இதை நிலையான எண்ணாகவே கூட்டுகிறது: 550 கிலோமீட்டருக்குள் இருந்தால் 50 கிலோமீட்டர், 5,500 வரை 100, அதற்கு மேல் 125. நம் கணக்கில் 269உடன் 25 சேர்த்தால் 294 கடல் மைல், அதாவது 545 கிலோமீட்டர். ஐசிஏஓ முறையில் 549. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன.

இனி நேரம். இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும்.

பயணிகள் 'பறக்கும் நேரம்' என்று சொல்வதில் இரண்டு வெவ்வேறு அளவுகள் கலந்துகிடக்கின்றன. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை உள்ளது வானில் இருக்கும் நேரம். நிறுத்துமிடத்திலிருந்து விமானம் அசைந்ததிலிருந்து மறு நிலையத்தில் நின்று கட்டை போடும் வரை உள்ளது பிளாக் டைம். கால அட்டவணையில் அச்சாவது பிளாக் டைம். ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தில் பார்ப்பது பெரும்பாலும் வானில் இருக்கும் நேரம். 'ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், ஒன்றேகால் மணியில் வந்துவிட்டோம்' என்று சொல்பவர் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் ஒப்பிட்டிருப்பார்.

நம் 294 கடல் மைலை ஏடிஆர் 72 போன்ற டர்போபுராப் விமானத்தில் ஓட்டிப் பார்ப்போம். அதன் பயண வேகம் சுமார் 270 நாட், அதாவது மணிக்கு 270 கடல் மைல் அல்லது 500 கிலோமீட்டர். உயர வரம்பு 25,000 அடி. ஆயிரம் அடிக் கணக்கில், கிழக்கு நோக்கிப் போகும்போது ஒற்றைப்படை உயரம், மேற்கு நோக்கிப் போகும்போது இரட்டைப்படை உயரம் என்பது பொதுவான விதி. எனவே 19,000 அடி என்று வைத்துக்கொள்வோம்.

நிறைந்த பாரத்தோடு 19,000 அடிக்கு ஏற 19 நிமிடம் என்று வையுங்கள். ஏறும்போது சராசரி வேகம் 190 நாட்தான், ஆக 60 கடல் மைல் ஏறுவதிலேயே போய்விடுகிறது. இறங்குவதற்கு விமானிகளிடம் ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 19 × 3 = 57 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். அதோடு ஓடுபாதையின் நேருக்கு வந்து சேரும் சுற்றுக்கு 18 கடல் மைல் என்றால் 75. இறங்குபாதையின் கடைசிக் கட்டத்தில் வேகம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுவதால் இந்த 75க்கும் சராசரி 215 நாட், 21 நிமிடம். நடுவில் மிஞ்சுவது 159 கடல் மைல். அதற்கு 270 நாட் வேகத்தில் 35 நிமிடம். மொத்தம் 75 நிமிடம். முழு வேகத்தில் ஓடியது அதில் பாதி நேரம்கூட இல்லை.

தரையில் ஓடுபாதை வரை போக 8 நிமிடம், இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு 4 நிமிடம். பிளாக் டைம் 87 நிமிடம். அட்டவணையில் 1 மணி 30 நிமிடம் என்று போடுவார்கள். இணையக் கணிப்பான் இதே தூரத்துக்கு 1 மணி 7 நிமிடம் என்று காட்டும்.

இதே பாதையில் ஒரு சிறிய ஜெட் போனால்? 29,000 அடிக்கு 14 நிமிடத்தில் 80 கடல் மைல் ஏறிவிடும். இறங்க 87, சுற்றுக்கு 18, சேர்த்து 105 கடல் மைலுக்கு 21 நிமிடம். நடுவில் 109 கடல் மைல் மட்டும், 440 நாட் வேகத்தில் 15 நிமிடம். மொத்தம் 50 நிமிடம். வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல், மிச்சமாவது 25 நிமிடம். தூரம் இன்னும் குறைந்தால் ஜெட்டின் முன்னிலை இன்னும் கரையும், ஏனென்றால் அது தன் உயரத்தை எட்டுவதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட்டைத் தாண்டக் கூடாது என்ற பரவலான கட்டுப்பாடும் ஜெட்டைத்தான் அதிகம் பிடித்து நிறுத்துகிறது. குறுகிய பாதைகளில் டர்போபுராப் நிலைத்திருப்பதற்கு எரிபொருள் சிக்கனத்தோடு இதுவும் ஒரு காரணம். சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதையிலும் ஏடிஆர் எழும்பிவிடும் என்பது இன்னொன்று. பல சிறு ஊர்களுக்கு விமானம் வருவதே அதனால்தான். 'மின்விசிறி வைத்த விமானம்' என்று அதை இளக்காரமாகப் பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு விரிவாகப் போட வேண்டியதில்லை. மனக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. பெருவட்டத் தூரத்தை விமானத்தின் பயண வேகத்தால் வகுத்து, 15 நிமிடம் கூட்டினால் வானில் இருக்கும் நேரம். மேலும் 12 கூட்டினால் அமைதியான இரு நிலையங்களுக்கிடையே பிளாக் டைம். 269 வகுத்தல் 270, ஒரு மணி நேரம். 15 சேர்த்தால் 75. விரிவான கணக்கில் வந்த அதே விடை. வேகமான டர்போபுராப்பான டேஷ் 8 கியூ400 என்றால் பயண வேகத்தை 350 நாட் என்று போடுங்கள். ஒரு முனை பெரிய, நெரிசலான நிலையமாக இருந்தால் அந்த 12ஐ 25 ஆக்குங்கள்.

மிகமிகக் குறுகிய பயணங்களுக்கு எந்த வாய்ப்பாடும் நிற்காது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாபா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் விமானத்தில் அந்தச் சேவையை நடத்திவருகிறது. உலகின் மிகக் குறுகிய கால அட்டவணைப் பயணம் அதுதான். பறப்பது இரண்டு நிமிடத்துக்குள், மிக வேகமாக முடிந்த பயணம் 53 விநாடி. அங்கே காற்றின் திசை எந்த ஓடுபாதையைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது என்பதே முழுப் பயண நேரத்தையும் தீர்மானித்துவிடும்.

காற்றைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: போகும்போது எதிர்காற்றில் இழந்ததை வரும்போது பின்காற்றில் மீட்டுவிடலாம், இரண்டும் சமமாகிவிடும் என்று. ஆகாது. நம் பயணத்தின் சராசரி வேகம் 235 நாட். 30 நாட் எதிர்காற்றில் அது 205 ஆகி 86 நிமிடம் எடுக்கும். அதே 30 நாட் பின்காற்றில் 265 ஆகி 67 நிமிடம். போனதில் 11 நிமிடம் நஷ்டம், வந்ததில் 8 நிமிடம்தான் லாபம். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம், அதனால் கணக்கு ஒருபோதும் நேராகாது. மெதுவான விமானத்துக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம். குறுக்குக் காற்று மட்டும் நேரத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை: 270 நாட் வேகத்தில் 40 நாட் குறுக்குக் காற்று வந்தால் குறைவது 3 நாட். அது இறங்கும்போது விமானியின் கைக்குத்தான் வேலை வைக்கும்.

காற்றை விடவும் நேரத்தைத் தின்பவை சிறு நிலையத்துக்கே உரிய சில விஷயங்கள். எந்தக் கணிப்பானிலும் இவை கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, விமானம் தரையில் ஊர்ந்து போவதற்கு ஓடுபாதைக்கு இணையான டாக்ஸி பாதை இல்லாமை. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதையில் ஏறி, அதன் மீதே முனை வரை ஓடி, அங்கே 180 பாகை திரும்பித்தான் புறப்பட வேண்டும். 2 கிலோமீட்டர் ஓட 25 நாட் வேகத்தில் இரண்டரை நிமிடம், திரும்பி நேராக நிற்க ஒரு நிமிடம். அந்த மூன்றரை நிமிடமும் ஓடுபாதை அடைபட்டிருக்கும். இறங்க வருகிற விமானம் வானில் காத்திருக்க வேண்டும். அது சுற்றிக் காத்திருக்கும் பாதையின் ஒரு சுற்று நான்கு நிமிடம்: 14,000 அடிக்குக் கீழே ஒரு நிமிட நேரோட்டம் இரண்டு, ஒரு நிமிடத் திருப்பம் இரண்டு. ஆக, கீழே மூன்றரை நிமிடத் தடை மேலே நான்கு நிமிடமாகவோ எட்டு நிமிடமாகவோ மாறலாம். பல சமயம் சுற்றை முடித்துத்தான் வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ரேடார் இல்லாத வான்பரப்பு. ரேடார் இருந்தால் கட்டுப்பாட்டு அலுவலர் விமானங்களைச் சில கடல் மைல் இடைவெளியில் வரிசைப்படுத்திவிடுவார். இல்லாத இடத்தில் வானொலியில் சொல்லும் இடத்தையும் உயரத்தையும் நம்பித்தான் பிரிக்க வேண்டும், இடைவெளி பத்து நிமிடம் அளவுக்குப் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு விமானம் வந்தால்கூட ஒன்று தாமதமாகும். ஒரு நாளைக்கு ஐந்தே விமானம் வரும் நிலையத்தில் நெரிசல் எப்படி என்று பயணிகள் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

மூன்றாவது, இறங்கும் வழிமுறை. ஓடுபாதையின் இரு முனையிலும், வானொலி அலையால் இறங்கும் வழியைக் காட்டும் ஐஎல்எஸ் கருவி இருந்தால் நேராக வந்து இறங்கலாம். ஒரு முனையில் மட்டும் இருந்தாலோ, அதுவும் இல்லாமல் நிலையத்தின் வானொலிக் கம்பத்தை மட்டும் வைத்து இறங்க வேண்டியிருந்தாலோ, விமானம் நிலையத்தின் தலைக்கு மேலே வந்து, வெளியே போய், திரும்பி, மறுபடி உள்ளே வர வேண்டியிருக்கும். ஆறிலிருந்து பத்து நிமிடம் கூடுதல். வானம் தெளிவாக இருந்தால் விமானி கண்ணால் பார்த்து இறங்க அனுமதி கேட்டு இதைத் தவிர்த்துவிடுவார். அதே விமானம், அதே பாதை, வெயிலில் 70 நிமிடம், மேகமூட்டத்தில் 80 நிமிடம் ஆவது இப்படித்தான். விமானம் மெதுவாகப் பறக்கவில்லை, கூடுதலாகச் சுற்றி வந்தது.

நான்காவது, இயங்கும் நேரம். பல சிறு நிலையங்கள் 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் பணிநேரம் உண்டு. மாலை கடைசி விமானம் தாமதமாகி மூடும் நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், நீட்டிப்பு கிடைக்காதபட்சத்தில் அது கிளம்பவே கிளம்பாது. அரை மணித் தாமதம் அங்கே ஒரு முழு இரவாகிவிடும்.

தாமதம் சேர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. குறுகிய பாதையில் ஓடும் விமானம் ஒரு நாளைக்கு ஆறு எட்டு முறை ஏறி இறங்கும். தரையில் நிற்பது ஒவ்வொரு முறையும் 25, 30 நிமிடம்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் 5 நிமிடம் நழுவினால் ஏழாவது ஓட்டம் 30 நிமிடத் தாமதத்தோடுதான் தொடங்கும். காலையில் மூடுபனியால் முதல் ஓட்டமே ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அந்த ஒரு மணி நேரம் நாள் முழுக்க ஊர் ஊராகப் போகும். ஆகவே முக்கியமான வேலைக்குப் போகிறவர்கள் முந்தின இரவே வந்து அந்நிலையத்தில் தங்கும் விமானம் எது என்று பார்த்து, அது கிளம்பும் முதல் ஓட்டத்தைப் பிடிக்க வேண்டும். மூடுபனிப் பருவம் என்றால் மட்டும் இரண்டாவது ஓட்டம் மேல்.

விமான நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால் அட்டவணை நேரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பார்கள். நிறுத்துமிடத்துக்கு வந்த நேரம் அட்டவணையிலிருந்து 15 நிமிடத்துக்குள் இருந்தால் 'நேரத்துக்கு வந்தது' என்று கணக்கு வைப்பது இத்துறையின் பொது வழக்கம். அட்டவணை நேரத்திலிருந்து தூரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது அதனால் சரிவராது. ஒரே பாதையில் காலை விமானத்துக்கு 1 மணி 20, மாலை விமானத்துக்கு 1 மணி 35 என்று போட்டிருந்தால் தூரம் மாறவில்லை, மாலையில் ஒரு முனையில் நெரிசல் இருக்கிறது என்று பொருள். ஐரோப்பாவில் நெரிசல் நேரத்தில் புறப்பாட்டுக்கே ஒரு குறித்த நேரம் தருவார்கள். அதற்கு 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னும்தான் எழும்பலாம். தவறவிட்டால் புதிய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

உண்மையான நேரம் வேண்டும் என்றால் நடந்த பயணங்களின் பதிவைப் பாருங்கள். விமானத்தைத் தொடரும் இணையதளங்களில் அது கிடைக்கும். ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை. இந்தத் தளங்கள் விமானம் தன் இடத்தைச் சொல்லி வெளியிடும் ஏடிஎஸ்-பி அலைகளைத் தரையில் இருக்கும் வாங்கிகள் மூலம் பிடிக்கின்றன. அந்த அலை நேர்கோட்டில்தான் போகும். சிறு ஊருக்கு அருகில் வாங்கி இல்லாவிட்டாலும், இடையில் மலை இருந்தாலும் விமானம் சில ஆயிரம் அடிக்குக் கீழே வந்ததும் திரையிலிருந்து மறைந்துவிடும். அங்கே காட்டப்படும் தரையிறங்கிய நேரம் பல சமயம் மதிப்பீடுதான். வழித்தடக் கோடு நிலையத்துக்கு முன்பே அறுந்திருந்தாலோ புள்ளிக்கோடாக மாறியிருந்தாலோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் சராசரியைப் பார்க்கவே கூடாது. சராசரியை நம்பினால் கிட்டத்தட்டப் பாதி நாட்கள் தவறவிடுவீர்கள். கடந்த 20 நாட்களின் வருகை நேரத்தை எழுதி, சீக்கிரத்திலிருந்து தாமதம் வரை வரிசைப்படுத்தி, 18ஆவது எண்ணை எடுங்கள். அதை வருகை நேரமாக வைத்து, அதிலிருந்து இணைப்புக்கு வேண்டிய நேரத்தைக் கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் தவறவிட்டாலும் நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றும். தனித்தனி டிக்கெட் என்றால் 20ஆவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அதோடு அன்றைக்கு அந்தத் தடத்தில் இன்னொரு விமானம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, கடிகாரம். அட்டவணையில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். நேர வலயம் மாறும் பாதையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டு 'இருபது நிமிடப் பயணம்' என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். கோடைக்கால நேரம் ஓர் ஊரில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் ஆண்டில் பாதி நாள் ஒரு வித்தியாசமும் மீதி நாள் வேறு வித்தியாசமும் வரும். வலயம் முழு மணியாகவே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள், இந்தியாவுக்கு ஐந்தரை மணி, நேபாளத்துக்கு ஐந்தே முக்கால். எல்லாவற்றையும் விட விசித்திரமானது பசிபிக்கில் சமோவாவுக்கும் அமெரிக்க சமோவாவுக்கும் இடையே உள்ள பயணம். 2011 டிசம்பர் 30ஐ நாட்காட்டியிலிருந்து தூக்கிவிட்டு சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்குப் போனது. இப்போது இரு இடத்திலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் மாறியிருக்கும். சமோவாவில் செவ்வாய் காலை 9 மணிக்கு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் இறங்கும்போது அங்கே திங்கட்கிழமை காலை. அந்தப் பாதையில் டிக்கெட் எடுக்கும்போது மணியைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள். தங்கும் அறையையும் இறங்கும் ஊரின் தேதிக்கே பதிவு செய்யுங்கள்.